சொந்த மூஞ்சியோடு கொஞ்சம் விளையாடுவோம்

"எனக்கு ஒரு வட்டமே ஒழுங்காகப் போட வராது" என்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நன்றாக வரையப் பழகியவர்களுக்குத் தன் முகத்தை வைத்து விளையாடுவது கொஞ்சம் சிரமம். கை தானாகவே அழகாக்கிவிடும். புதிதாக வருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பென்சில், வண்ணம், கோலமாவு, காய்கறி, பழைய பேப்பர், போன் கேமரா என்று எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடிக்கையான சுய உருவப்படம் என்றதும் பலர் முகத்தைக் கோணல்மாணலாக இழுத்து, நாக்கை நீட்டி, தலையில் இரண்டு கொம்பும் வைத்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அது யார் முகமாக வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா? உங்களிடம் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்றை உன்னிப்பாகக் கவனித்து, அதை ஊதிப் பெரிதாக்கினால்தான் "அய்யோ, இது அவனேதான்!" என்று வீட்டில் சிரிப்பார்கள். ஜாடை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பெரிய ஓவியர்களும் இப்படி விளையாடியிருக்கிறார்கள். ரெம்பிராண்ட் 1630-ல், இருபதுகளின் நடுவில் இருந்தபோது, கண்ணாடி முன் நின்று முழியைப் பிதுக்கி, வாயைப் பிளந்து, முறைத்து, சிரித்து, அந்த முகங்களைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். சில, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பிரெஞ்சு அரச குடும்பத்து முகங்களை மாய்ந்து மாய்ந்து வரைந்த ஜோசப் டுக்ரூ, 1783 வாக்கில் தன்னை வரைந்தபோது என்ன செய்தார் தெரியுமா? கையைத் தூக்கிச் சோம்பல் முறித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகிற மாதிரி வரைந்துகொண்டார்.

முதல் நாள் பென்சிலைத் தொடாதீர்கள்

ஒரு கண்ணாடி, ஒரு பேனா, ஒரு துண்டுச் சீட்டு. இவ்வளவுதான் முதல் நாளுக்கு வேண்டும். செல்பி எடுத்து அதைப் பார்த்து வரையலாமே என்று தோன்றும். வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் போனைப் பிடித்தால் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒடுங்கிவிடும். போட்டோதான் வசதி என்றால் போனை ஐந்தாறு அடி தள்ளி அலமாரியில் சாய்த்துவைத்து, டைமர் போட்டு, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கண்ணாடியில் வகிடு ஒரு பக்கம், போட்டோவில் மறுபக்கம் என்று மாறித் தெரியும். குழம்பாதீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டுக் கடைசிவரை அதையே பாருங்கள்.

பத்து நிமிஷம் சும்மா முகத்தைப் பாருங்கள். பார்த்ததை வாக்கியமாக எழுதுங்கள். "பெரிய மூக்கு" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "மூக்குக் கண்ணாடி வேர்வையில் நழுவி நழுவி, மூக்கின் பாதியில் ஒரு தழும்புக் கோடு விழுந்திருக்கிறது" என்று எழுதினால் அது வரையக்கூடிய விஷயம். "ஹெல்மெட்டைக் கழற்றியதும் முன்முடி மட்டும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, உச்சியில் ஒரு கொத்து நட்டுக்கொண்டு நிற்கிறது" என்பதும் அப்படித்தான்.

பிறகு வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். "நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டால் "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

"அக்கா, தி.நகர் கூட்டத்துல என்னை எப்படிக் கண்டுபிடிப்பே?"

"நீயா? யாரு கூப்பிட்டாலும் முதல்ல ஒரு புருவத்தைத் தூக்குவியே, அதை வெச்சுத்தான். இடது புருவம். இப்பக்கூடத் தூக்கியிருக்கே பாரு."

கண்ணாடியில் இத்தனை வருஷமாகப் பார்த்தும் உங்களுக்குத் தெரியாத ஒன்று ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது முகத்துக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கருப்பு", "குண்டு", "பல்லன்", "சொட்டை" என்று பள்ளிக்கூடத்திலோ சொந்தக்காரர் கல்யாணத்திலோ மற்றவர்கள் வைத்த பட்டப்பெயரை எடுத்துப் படமாக்காதீர்கள். அது அவர்களின் ஜோக். அதைத் திருப்பிச் சொல்வதில் உங்களுக்கு ஒரு விளையாட்டும் இல்லை. நீங்களாகக் கண்டுபிடித்து, நீங்களே சிரிக்கிற விஷயமாக இருக்கட்டும். சொட்டைத் தலையில் ட்யூப்லைட் எதிரொளிப்பதைப் பார்த்து உங்களுக்கே சிரிப்பு வந்தால், தாராளமாக அதை வரையுங்கள்.

எழுதிய சீட்டிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புருவம் என்றால் புருவம் மட்டும். அது நெற்றியைத் தாண்டி, முடியைத் தாண்டி, தாளுக்கு வெளியேகூடப் போகட்டும். மற்றதெல்லாம் அடக்கமாக, சாதாரண அளவில் இருக்க வேண்டும். மூக்கு, காது, பல் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகத் தெரியாது.

சாதாரண அளவு எது என்று தெரிய நான்கே விஷயம் போதும். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை உள்ள நீளத்தில் கண்கள் சரிபாதியில் இருக்கின்றன; புதியவர்கள் எல்லோரும் நெற்றியை விழுங்கிவிட்டுக் கண்ணை மேலே கொண்டுபோய் வைப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கும் அளவுக்கு இடம் உண்டு. காதின் மேல்முனை புருவ உயரத்தில், கீழ்முனை மூக்கின் அடியில். வாயின் ஓரங்கள் ஏறக்குறைய கருவிழிகளுக்கு நேர் கீழே.

எவர்சில்வரில் ஒரு முகம்

முதல் படத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். சமையலறையில் இருக்கும் பாத்திரங்களே கேலிச்சித்திரக்காரர்கள். நீங்கள் பார்த்து அப்படியே வரைந்துகொண்டால் போதும்.

காபி டம்ளரை நேராக வைத்து அதன் பக்கவாட்டில் முகம் பாருங்கள். அகலம் சுருங்கி, முகம் வெண்டைக்காயாக நீண்டு தெரியும். உருளை வடிவம் ஒரு திசையில் மட்டும் வளைந்திருப்பதால் அந்தத் திசையில் மட்டும் பிம்பம் ஒடுங்குகிறது. அதே டம்ளரைப் படுக்கவைத்தால் நீளம் ஒடுங்கி, கன்னம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு போகும். குழிக்கரண்டியின் உட்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தலைகீழாகத் தொங்குவீர்கள். அதன் முதுகுப் பக்கத்தில் மூக்கு பெரிதாக, பின்னால் சமையலறை முழுவதும், ஜன்னல் கம்பி, மிக்சி, காலண்டர் எல்லாம் வளைந்து சின்னதாகத் தெரியும்.

இத்தாலியில் பார்மிஜானினோ என்ற ஓவியர் 1524 வாக்கில், இருபதைத் தாண்டிய வயதில், இதையேதான் செய்தார். முடிதிருத்துபவரிடம் இருக்கும் குவிந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்து, அதே மாதிரி குவிந்த மரப்பலகையில் வரைந்தார். கண்ணாடிக்குக் கிட்டத்தில் இருந்த கை, முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. படம் இப்போது வியன்னாவில் இருக்கிறது.

செய்முறை எளிது. நன்றாகத் தேய்த்த, கீறல் குறைவான பாத்திரமாக எடுங்கள். விரல்ரேகை படியாமல் துணியால் துடைத்து, கண் உயரத்துக்கு நாலைந்து புத்தகங்கள் மேல் வைத்துவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு வரையாதீர்கள். ஒவ்வொரு அசைவுக்கும் முகம் மாறும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். காலை ஜன்னல் வெளிச்சம் உத்தமம். தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்தால் பாத்திரம் முழுக்க வெள்ளைக் கோடுகள் விழுந்து கண்ணைக் குழப்பும்.

முதலில் பாத்திரத்தின் வெளிக்கோட்டை வரையுங்கள், பிறகுதான் உள்ளே முகம். கருமையாக விழும் 4பி பென்சில் ஒன்று போதும். முகத்தை முகமாக நினைக்காமல், கருப்பான இடம் எது, சாம்பல் எது, தாள் வெள்ளையாகவே விட வேண்டிய இடம் எது என்று மட்டும் பாருங்கள். டம்ளரின் விளிம்பில் ஒரு கருங்கோடும் அதை ஒட்டி ஒரு பளீர் வெள்ளையும் கட்டாயம் இருக்கும். அது இரண்டும் சரியாக விழுந்தால் எவர்சில்வர் மினுக்கு தானாக வந்துவிடும். முகத்தைச் சொதப்பினாலும் "டம்ளர்ல இப்படித்தான் தெரியும்" என்று தப்பித்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

நம் நிறத்தைக் கலப்பது

வண்ணத்தில் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கிரேயான் பெட்டியில் "தோல் நிறம்" என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும் அது சென்னையில் யாருடைய தோல் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு போஸ்டர் கலர் புட்டிகளை எடுங்கள்.

மாநிறத்துக்கு: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) ஒரு பங்கு. இதுதான் அடிப்படை. இன்னும் கருமையான நிறத்துக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) எடுத்து, அதில் அல்ட்ராமரின் நீலம் கொஞ்சமும் கிரிம்சன் சிவப்பு ஒரு துளியும் சேருங்கள். உள்ளே ரத்தம் ஓடுகிற செழிப்பு வரும். நிழலுக்குக் கருப்பைத் தொடவே வேண்டாம். முகம் செத்த மாதிரி ஆகிவிடும். அடிப்படை நிறத்தோடு அல்ட்ராமரினைக் கலந்தாலே நல்ல நிழல். வெளிச்சம் படும் இடத்துக்கும் நேரே வெள்ளையைக் கொட்டக் கூடாது, சாம்பல் பூத்துவிடும். முதலில் ஓக்கரையோ ஆரஞ்சையோ கூட்டுங்கள், கடைசியில் வெள்ளையை பிரஷ் நுனியில் மட்டும்.

ஏப்ரல், மே மாதச் சென்னை முகம் என்றால் வேர்வைப் பளபளப்பு இல்லாமல் முடியாது. நெற்றி, மூக்கின் நுனி, மேலுதடு இந்த மூன்று இடத்தில் வெளிர் நீலம் கலந்த வெள்ளையைச் சின்னச் சின்னத் திட்டாக வையுங்கள். படம் உடனே அண்ணா சாலை சிக்னலில் நிற்கும். ஒரு விஷயம்: போஸ்டர் கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் ஒரு நிறம். கருமையானவை காய்ந்தால் கொஞ்சம் வெளிறும், வெளிர் நிறங்கள் கொஞ்சம் அடர்ந்துவிடும். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டு முகத்தில் வையுங்கள்.

விளையாட்டுதானே, பச்சை முகமும் நீல முகமும் வரையக் கூடாதா? வரையலாம். ஆனால் ஒருமுறை உங்கள் நிறத்தைச் சரியாகக் கலந்துவிட்டுப் பிறகு பச்சைக்குப் போங்கள்.

வண்ணம் வாங்காமலே செய்ய நினைத்தால்

கோலம் போடத் தெரிந்தவர்களிடம் உருவத்தைப் பெரிதாக்கும் வித்தை ஏற்கெனவே இருக்கிறது. போட்டோவை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து எட்டுக்கு எட்டு கட்டம் போடுங்கள். மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, ஈரம் இழுத்தபின் அதே எட்டுக்கு எட்டில் கட்டத்தின் முனைகளுக்குப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கோடு போகிறதோ அதை அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இறக்கினால் நாலடி உயர முகம் வந்துவிடும். ஃபிளக்ஸ் வருவதற்கு முன் அண்ணா சாலை சினிமா பேனர்களைக் கையால் எழுதிய ஓவியர்களும் சின்ன ஸ்டில்லில் இப்படிக் கட்டம் போட்டுத்தான் கட்டட உயரத்துக்குக் கதாநாயகனை ஏற்றினார்கள். தரையில் நின்று பார்த்தால் கோல முகம் நசுங்கித் தெரியும். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து போட்டோ எடுங்கள். ஏறும்போது ஜாக்கிரதை.

காய்கறியில் செய்ய அரைமணி நேரம் போதும். 1590 வாக்கில் ஆர்சிம்போல்டோ என்ற இத்தாலிய ஓவியர், புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்பின் முகத்தையே பழமும் காய்கறியுமாக அடுக்கி வரைந்தார், பேரரசர் கோபித்துக்கொள்ளவில்லை. நம் வீட்டில் முருங்கைக்காய்ப் புருவம், சின்ன வெங்காயக் கண், கோவைக்காய் மூக்கு, கறிவேப்பிலைத் தாடி. தட்டின் மேல் அடுக்கி, நேர் மேலிருந்து படமெடுத்துவிட்டு சாம்பாரில் போட்டுவிடலாம்.

ஒட்டுப்படத்துக்கு கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர் தாள், மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்துவையுங்கள். நிறத்தைப் பார்த்துப் பிரிக்காமல் கருமை, நடுத்தரம், வெளிர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரத்தில் வெள்ளை இழை தெரியும். நரைமுடிக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

எழுத்துப் பிரியர்கள் தமிழ் எழுத்துகளாலேயே முகம் செய்யலாம். ஃ என்பதைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டு கண், ஒரு வாய். சுருட்டை முடிக்கு ணணண.

கோடு மட்டும் போதுமா என்று சந்தேகம் வந்தால் கே.எம். ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது வரைந்த கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். வரிசையாகக் காந்தி, காந்தி, காந்தி. எல்லாம் மையும் கோடும்தான். ஈ.சி.ஆர். பக்கம் போகிறவர்கள் இஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைக் கிராமத்துக்குள் ஒரு எட்டு போய்வரலாம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் உருவாக்கிய இடம். சென்னை ஓவியர்கள் கோட்டை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பது அங்கே சுவர்களிலேயே தெரியும். திரும்பி வந்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே கோட்டில் உங்கள் முகத்தை வரைந்து பாருங்கள். காது கன்னத்துக்கு நடுவில் வந்து நிற்கும். இருக்கட்டும்.

திருஷ்டி பொம்மையாக நீங்கள்

கட்டி முடியாத வீடுகளில் மீசை முறுக்கி, கண்ணை உருட்டி, நாக்கைத் தொங்கவிட்டு ஒரு ராட்சச முகம் தொங்குமே, அதை உங்கள் முகமாகச் செய்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த விளையாட்டு. பெரிதாக்குவது, முறைப்பது எல்லாம் அந்த உருவத்திலேயே அடங்கியிருக்கிறது. உங்கள் அடையாளம் ஒன்றை மட்டும் சேர்த்தால் போதும். ஒரு வாரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி காய்வதற்கு.

ஒரு டம்ளர் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலைந்து டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். பசை கண்ணாடிப் பதத்துக்கு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். ஒரு பெரிய பலூனை ஊதிக் கட்டி, ஒரு சட்டியின் வாயில் உட்காரவையுங்கள். செய்தித்தாளை ஓர் அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்துப் பசையில் நனைத்து, முன்பாதியில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும். முதல் சுற்று தமிழ்ப் பேப்பர், இரண்டாவது இங்கிலீஷ் பேப்பர், மூன்றாவது மறுபடி தமிழ் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குறைந்தது நான்கு சுற்று வேண்டும், இரண்டிரண்டு சுற்றாகக் காயவிட்டு.

காயவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து பலூன் வெடித்துவிடும், ஈரப் பேப்பர் சுருண்டுவிடும். மின்விசிறிக்குக் கீழே ஒருநாள் விட்டு, ஓடு கெட்டியானபின் பலூனைக் குத்தி எடுத்துவிட்டு அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். கடலோர ஈரக்காற்று என்பதால் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இன்னும் ஒருநாள் கூடப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

மைதா பசைக்குக் கரப்பான்பூச்சி வரும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். பெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து மைதாவுக்குப் பதில் பயன்படுத்தினால் பூச்சித் தொல்லை குறையும், செலவு கூடும்.

மூக்கு, புருவம், உதட்டுக்கு முட்டை அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, பிழிந்து, பெவிகால் சேர்த்துக் களிமண் பதத்தில் அப்புங்கள். களிமண்ணையே வைத்துச் செய்ய ஆசைப்பட்டால், விநாயகர் சதுர்த்தி சமயத்தில் புரசைவாக்கம் கொசப்பேட்டைப் பக்கம் பிள்ளையார் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காய்ந்தபின் வெள்ளை பெயின்ட் ஒரு கோட். அதற்கு மேல் திருஷ்டி பொம்மைக்கே உரிய சிவப்பு, கருப்பு, மஞ்சள்.

இப்போது உங்கள் அடையாளம். கண்ணாடி போடுகிறவர் என்றால் பழைய பிரேமை மாட்டிவிடுங்கள், அதுவும் நழுவிய நிலையில். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறவர் என்றால் தொங்கும் நாக்கை அந்த நாடா மாதிரி செய்யலாம். மீசை இல்லாத பெண்கள் முறுக்கு மீசை இடத்தில் மல்லிகைச் சரத்தை வளைத்து வைத்துப் பாருங்கள், பயங்கரமாக இருக்கும். கடைசியில் வார்னிஷ் அடித்தால் வாசலில் மழைச்சாரல் கொஞ்சம் தாங்கும். வாடகை வீடு என்றால் மாட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

வாங்குவதற்கு: எதையும் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் சார்ட் பேப்பர், பென்சில், ஆறு புட்டி போஸ்டர் கலர் கிடைத்துவிடும். விதவிதமான தாள் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. செய்தித்தாளுக்கு எடைக்கடை.

முடித்ததும் பின்பக்கத்தில் தேதி போட்டு, யாருடையது என்று சொல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். "யாரிது, பெரியப்பாவா?" என்று பதில் வந்தால் குடும்ப ஜாடையைப் பிடித்துவிட்டீர்கள்; உங்களுக்கென்று இருக்கும் அந்த ஒன்றை இன்னும் ஒரு மடங்கு பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்குமே பிடிபடவில்லை என்றால் படத்தைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் பிசகியிருப்பது அங்கேதான்.